வாஷிங்டனும் மேற்கே இருந்த நிலமும்

ஜார்ஜ் வாஷிங்டன் பற்றி நம்மில் பலர் கேட்டு வளர்ந்தது இரண்டு கதைகள். செர்ரி மரத்தை வெட்டியதை மறைக்காமல் ஒப்புக்கொண்ட சிறுவன். பதவியே வேண்டாம் என்று பண்ணைக்குத் திரும்பிய தளபதி. முதல் கதை அவர் இறந்த பிறகு ஒரு பாதிரியார் கட்டிவிட்டது. இரண்டாவது நடந்ததுதான். ஆனால் அதை வைத்து அவரை ஆசையற்ற துறவியாக்கிவிட்டார்கள்.

இளம் வயதில் பிரிட்டிஷ் ராணுவத்தில் நிரந்தர அதிகாரி பதவிக்காக அப்படி அலைந்த மனிதர் அவர். அதிகாரிகளில் யார் யாருக்கு மேல் என்ற தகராறைத் தீர்க்க 1756-ல் வர்ஜீனியாவிலிருந்து பாஸ்டன் வரை குதிரையில் போய் முறையிட்டிருக்கிறார். 1775-ல் அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய பிலடெல்பியா மாநாட்டுக்கு ராணுவ உடையிலேயே வந்து உட்கார்ந்தார். பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட படைக்குத் தளபதியாகவும் ஆனார்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. புகழுக்கு இவ்வளவு ஏங்கியவர் 1783 டிசம்பரில் அன்னாபொலிஸில் படைத்தலைமையைத் திருப்பிக் கொடுத்தார் பாருங்கள், அங்கேதான் அவர் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. ஆசையே இல்லாதவர் விட்டுக்கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது?

என் மனம் ஆறாதது நிலத்தில். அப்பலாச்சியன் மலைகளுக்கு மேற்கே வெள்ளையர் குடியேறக் கூடாது என்று 1763-ல் பிரிட்டிஷ் மன்னர் ஆணை போட்டார். அது ஷானி, டெலவேர் போன்ற பழங்குடிகள் வாழ்ந்த பகுதி. 1767-ல் வாஷிங்டன் தன் நில அளவையாளர் வில்லியம் கிராஃபோர்டுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அந்த ஆணை பழங்குடிகளின் மனதை அமைதிப்படுத்தச் செய்த தற்காலிக ஏற்பாடு, நமக்குள் இருக்கட்டும் என்கிறார். நல்ல நிலங்களை இப்போதே பார்த்து வை, வேட்டைக்குப் போவதுபோல் போ, வெளியே தெரியக் கூடாது என்கிறார். பிற்பாடு ஒஹாயோ, கனாவா ஆற்றங்கரைகளில் 20,000 ஏக்கருக்கும் மேல் அவர் பெயருக்கு வந்தது.

காலம் அப்படி, எல்லோரும் அப்படித்தான் என்று சமாதானம் சொல்வார்கள். எனக்கு ஒப்பவில்லை. செய்வது சரி என்று நம்பியிருந்தால் வேட்டை வேஷம் எதற்கு? பதவி ஆசைக்கு அவர் தன் உயிரைப் பணயம் வைத்தார். நில ஆசைக்கு விலை கொடுத்தவர்கள் வேறு மக்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'பெரிய மனிதரின் சிறு பலவீனம்' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. அன்னாபொலிஸ் பாடத்துக்குப் பக்கத்திலேயே அந்த 1767 கடிதத்தையும் முழுசாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.