வெயில் காலத்தில் பச்சைக் குழந்தைக்குத் தண்ணீர் வேண்டுமா?

"வெயில் கொளுத்துகிறது, கைக்குழந்தைக்கும் தாகம் எடுக்கும், இரண்டு ஸ்பூன் தண்ணீர் கொடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாய்ப்பாலில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். வெயில் நாளில் குழந்தை அடிக்கடி பால் கேட்கும்; கொடுத்தால் சரி. தண்ணீரால் குட்டி வயிறு நிரம்பினால் பால் குடிப்பது குறையும், அப்புறம் சுரப்பும் குறையும். அளவு மீறினால் பிஞ்சுச் சிறுநீரகம் தாங்காது. ரத்தத்தில் சோடியம் சரிந்து வலிப்புகூட வரலாம். புட்டிப்பால் என்றால், டப்பாவில் போட்டிருக்கும் அளவைத் தாண்டித் தண்ணீர் ஊற்றிக் கலக்காதீர்கள்.

முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு 6 டயப்பராவது நன்றாக நனைந்தால் பால் போதுகிறது. நனைவது குறைந்து குழந்தை சோர்ந்து கிடந்தால், கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.