கண்ணகி கோயில் ஏற்றம்: சமதள நடை மட்டும் போதாது

"60 வயசானாலும் தினம் ஒரு மணி நேரம் ரோட்டில் நடந்தால் போதும், சித்ரா பௌர்ணமிக்கு அடிவாரத்துப் பளியன்குடி வழியா மங்கலதேவி மலையில இருக்கிற கண்ணகி கோயிலுக்கு ஏறிடலாம், இறங்குறது சும்மா" என்று ஒரு அண்ணன் எழுதியதில் பாதிதான் சரி. நடைப்பயிற்சி மூச்சைத் தேற்றும், மறுக்கவில்லை. ஆனால் முட்டியை அதிகம் படுத்துவது இறக்கம்தான். அங்கே தொடைத்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். சமதளத்தில் அதற்கு அந்த வேலை ரொம்பக் குறைவு. பழகாத கால் பாதி வழியிலேயே நடுங்கும், அப்போதுதான் சரளைக்கல்லில் வழுக்குவார்கள்.

இறக்கத்துக்குக் காலைப் பழக்க வீட்டு வாசற்படியே போதும். ஒரு காலைப் படியில் வைத்து, மறுகால் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று எண்ணி மெதுவாக இறக்குங்கள். சுவரைப் பிடித்துக்கொள்ளலாம், முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. காலுக்குப் பத்து, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள், எட்டு வாரம். திருவிழாவுக்கு முந்தின வாரம் தொடங்கினால் வலிதான் மிச்சம். இரண்டு நாள் தசைவலி சகஜம். முட்டி வீங்கினால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பிரஷர், நெஞ்சுவலி உள்ளவர்கள் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மலை இறங்கும்போது காலடி சின்னதாக இருக்கட்டும், கம்பை முன்னால் ஊன்றுங்கள். ஷூ லேஸைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டாவிட்டால் விரல் ஷூ முனையில் இடித்து, நகம் கறுத்துவிடும்.