மயிர்க்கொட்டியின் வயிற்றுவலி: எரிக் கார்ல் சொல்லாத வார்த்தைகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு முன்பள்ளி ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுக்களில், சிறுவர் படநூல் ஓவியர் எரிக் கார்ல் சொன்னதாக ஒரு செய்தி சுற்றிவருகிறது. தமது 'மிகவும் பசித்த மயிர்க்கொட்டி' (The Very Hungry Caterpillar) படநூலில், சனிக்கிழமை கண்டதையும் தின்ற மயிர்க்கொட்டிக்கு வயிறு வலிக்கும் காட்சி வேண்டாமென்று தாம் பதிப்பாளருடன் கடுமையாகச் சண்டையிட்டதாக அதில் அவர் கூறுகிறார்.

அவர் அப்படிக் கூறவில்லை. அவ்வரிகள், 'பாரிஸ் ரிவியூ' இதழ் 2015 ஏப்ரல் 1 அன்று, முட்டாள்கள் தின வேடிக்கையாகத் தன் இணையத்தளத்தில் வெளியிட்ட கற்பனை நேர்காணலில் உள்ளவை. 2021 மே மாதம் அவர் 91 வயதில் காலமானபோது சில செய்தி ஊடகங்கள்கூட அதை உண்மையென்று வெளியிட்டன என்பதால், நம் ஆசிரியர்கள் நம்பியதில் வியப்பில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து திகதியைப் பார்த்தால் ஐயம் தீரும்.

உண்மையில் நடந்தது இதைவிடச் சுவையானது. துளைக்கருவியால் தாள்களில் ஓட்டையிட்டபோது கார்லுக்கு முதலில் தோன்றியது ஒரு புத்தகப்புழுதான். அதை மயிர்க்கொட்டியாக மாற்றும் யோசனை பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸுடன் பேசியபோது பிறந்தது. பிள்ளைகள் விரல் நுழைத்துப் பார்க்கும் அந்த ஓட்டைகளை அமெரிக்காவில் செய்யச் செலவு மிகுந்ததால், 1969இல் வெளியான நூல் ஜப்பானில் அச்சானது.

ஆகவே அச்செய்தியை இனி எவருக்கும் அனுப்பவேண்டாம். அனுப்பியவர்கள் அதே குழுவில் இத்திருத்தத்தையும் இடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.