ஒரே காரில் இரண்டு நினைவுகள்

1953 ஜனவரி 20 அன்று, பதவியை விட்டு இறங்கும் அதிபர் ஹாரி ட்ரூமனும் பதவியேற்கப் போகும் டுவைட் ஐசனோவரும் ஒரே காரில் வெள்ளை மாளிகையிலிருந்து கேபிட்டல் கட்டடத்துக்குப் போனார்கள். புதியவர் மாளிகைக்குள் வந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டு, பழையவரோடு சேர்ந்து கிளம்புவதுதான் மரியாதை. ஐசனோவர் உள்ளே வர மறுத்துக் காரிலேயே உட்கார்ந்திருந்தார். ட்ரூமன்தான் படியிறங்கி வந்து ஏறிக்கொண்டார். முந்தைய ஆண்டின் தேர்தல் பிரசாரத்தில் ஒருவரையொருவர் பேசிய பேச்சு இருவர் மனத்திலும் ஆறாமல் கிடந்தது.

அந்தச் சிறு பயணத்தில் பேசியவை மிகக் குறைவு. அந்தக் குறைவான பேச்சுக்கே இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. ஐசனோவரின் மகன் ஜான் அப்போது கொரியப் போர்முனையில் படை அதிகாரி. தந்தை பதவியேற்பதைக் காண அவரை வாஷிங்டனுக்கு வரவழைத்திருந்தார்கள். அப்படி வரச்சொல்லி உத்தரவிட்டது யார் என்று ஐசனோவர் காரில் கேட்டார். ட்ரூமன் பின்னாளில் எழுதியபடி, 'என்னைச் சங்கடப்படுத்தப் பார்ப்பது யார்' என்ற தொனியில் வந்த கேள்வி அது. அமெரிக்க அதிபர்தான் உத்தரவிட்டார் என்று தாம் முகத்துக்கு நேராகப் பதில் சொன்னதாக அவருக்கு நினைவு. ஐசனோவர் எழுதியபடி, அது சாதாரணமாகக் கேட்ட கேள்வி. 'நான்தான்' என்று ட்ரூமன் சொன்னதும் அவருடைய பரிவுக்குத் தாம் மனமார நன்றி கூறியதாக அவருக்கு நினைவு. கேள்வியும் ஒன்று, பதிலும் ஏறக்குறைய ஒன்று. ஒருவருக்கு அது சண்டையாகவும் மற்றவருக்கு நன்றியாகவும் மனத்தில் தங்கிவிட்டது.

இதில் யார் சொல்வது மெய் என்று தீர்ப்பு வழங்க என்னிடம் ஒரு துண்டுத்தாள்தான் இருக்கிறது. பதவியேற்ற மூன்றாம் நாளே ஐசனோவர் ட்ரூமனுக்கு ஒரு கடிதம் எழுதி, மகனை வரவழைத்ததற்காக நன்றி சொல்லியிருக்கிறார். காருக்குள் எந்தத் தொனியில் கேட்டார் என்பதை அந்தக் கடிதம் சொல்லாது. ஆனால் நன்றி என்பது பத்தாண்டு கழித்து நினைவில் முளைத்ததன்று, அந்த வாரத்திலேயே மையில் பதிந்தது என்பதை மட்டும் அது உறுதியாகச் சொல்கிறது.

நான் வேலை பார்த்த காலத்தில் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பாக இருந்தது. மேசையின் கோடியில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள், என்ன முடிவானது என்று எழுதி, மறுநாள் சுற்றுக்கு விட வேண்டும். ஒப்புதலுக்கு அனுப்பிய குறிப்பு திரும்பி வரும்போது அதில் எப்போதும் யாராவது பென்சிலால் ஒரு திருத்தம் போட்டிருப்பார்கள்: 'நான் இவ்வாறு கூறவில்லை.' முந்தின நாள் மாலை நான்கு மணிக்குச் சொன்னதை மறுநாள் காலை பதினொரு மணிக்குள் அவர் மனப்பூர்வமாகவே மறந்திருப்பார். அந்தப் பழக்கதோஷத்தால், பெரிய மனிதர்களோடு இருந்தவர்கள் எழுதும் நினைவுகளைப் படிக்கும்போதெல்லாம் என் கண், அந்த அறையில் குறிப்பெடுத்த குமாஸ்தா யார் என்றுதான் தேடுகிறது. ஐசனோவரைப் பற்றி நான் எழுத வந்ததும் அதனால்தான். நூற்றாண்டின் நடுவில் ஆண்ட அந்த மனிதரைப் போல, உடனிருந்தவர்களின் வாயால் தேய்ந்து, உடனிருந்தவர்களின் தாளால் நிமிர்ந்த தலைவர் வேறொருவர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் தேய்ந்த கதை. ராணுவத்தில் உத்தரவிட்டுப் பழகியவருக்கு அரசியல் நாற்காலி ஒத்துவராது. 'இதைச் செய், அதைச் செய்' என்பார், ஒன்றும் நடக்காது, பாவம் மனிதர் என்று ட்ரூமன் அவர் வருவதற்கு முன்பே ஆரூடம் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அதற்குப் பிறகு வந்த பேச்சுகளெல்லாம் அந்த ஆரூடத்துக்குச் சாட்சி சொல்வதாகவே அமைந்தன. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் முன்னாள் ஆளுநரான ஷெர்மன் ஆடம்ஸ் வெள்ளை மாளிகையின் தலைமை அலுவலராக இருந்தார்; அவருடைய சுருக்கொப்பம் இல்லாமல் எந்தத் தாளும் அதிபர் மேசைக்குப் போகாது என்று ஊரெல்லாம் பேசியது. ஆடம்ஸ் இறந்துபோய் ஐசனோவர் அதிபராகிவிட்டால் நாடு என்ன ஆகும் என்பது அந்நாளைய வாஷிங்டன் நகைச்சுவை. கோல்ஃப் ஆட்டம் இன்னொரு கேலிப்பொருள். மாளிகைத் தோட்டத்தில் போட்ட பந்துதள்ளும் புல்திடலை அணில்கள் பறித்துப்போட்டதால் அவற்றைப் பிடித்து அப்புறப்படுத்தச் சொன்னார் என்பதற்காக, அணில்களைக் காக்க நிதி திரட்டவே ஒரு செனட்டர் முன்வந்தார். 1962-இல் வரலாற்றறிஞர்களிடம் எடுத்த ஒரு மதிப்பீட்டில் ஐசனோவருக்கு அதிபர்கள் வரிசையில் நடுவுக்கும் கீழேதான் இடம் கிடைத்தது.

உடனிருந்தவர்கள் எழுதிய முதல் சுற்று நினைவுகளும் இந்தப் படத்தைத் திருத்தவில்லை. அவருக்கு உரை எழுதித் தந்த எம்மெட் ஜான் ஹியூஸ் 1963-இல் ஏமாற்றத்தோடு எழுதினார்: நல்ல மனிதர், ஆனால் கையில் இருந்த அதிகாரத்தைப் பயன்படுத்தத் தயங்கியவர் என்பது அதன் சாரம். ஆடம்ஸ் விசுவாசத்தோடுதான் எழுதினார். ஆனால் ஒரு தொழிலதிபரிடம் பரிசுப்பொருள்கள் வாங்கிய விவகாரத்தில் 1958-இல் பதவியைவிட்டு விலக நேர்ந்தவர் அவர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. துணை அதிபராக எட்டாண்டு இருந்த நிக்சன் மட்டும், பெரும்பாலோர் நினைப்பதைவிடச் சிக்கலானவர், சூழ்ச்சி அறிந்தவர், அவ்விரு சொற்களின் நல்ல பொருளில் என்று 1962-இல் எழுதிவைத்தார். நிக்சன் வாயிலிருந்து சூழ்ச்சி என்ற சொல் பாராட்டாக வந்ததால் அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை போலும். அவருக்கும் சொந்தக் காயம் இருந்தது. 1960 ஆகஸ்டில் ஒரு செய்தியாளர், நிக்சனின் யோசனையை ஏற்று நீங்கள் முடிவெடுத்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்க, 'ஒரு வாரம் கொடுத்தால் ஒன்று நினைவுக்கு வரலாம்' என்றார் ஐசனோவர். நிக்சன் அதிபர் தேர்தலில் நின்றுகொண்டிருந்த நேரம் அது.

எழுபதுகளில் கான்சாஸ் மாநிலத்து ஆபிலீன் நகரில் உள்ள ஐசனோவர் நூலகத்தில் ஆன் விட்மன் வைத்திருந்த கோப்புகள் ஆய்வாளர்களுக்குத் திறந்தன. விட்மன் அதிபரின் அந்தரங்கச் செயலாளர். 1952 பிரசார காலத்திலிருந்து 1961 வரை உடன் இருந்தவர். கடிதப் படிகள், தொலைபேசி உரையாடல் குறிப்புகள், அவரே எழுதிய நாட்குறிப்பு என்று எல்லாம் அதில் அடங்கும். அதோடு, 1954 முதல் செயலகப் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ குட்பாஸ்டர் அதிபரின் சந்திப்புகள் முடிந்த கையோடு எழுதிவைத்த குறிப்புகள் ஆயிரக்கணக்கான பக்கங்கள். அமைச்சரவைக் கூட்டங்களில் மின்னிக் என்ற உதவி அலுவலர் எடுத்த குறிப்புகள் வேறு. இவர்களில் ஒருவரும் தலைவரை உயர்த்தவோ தாழ்த்தவோ எழுதவில்லை. நாளை யாராவது 'நான் இவ்வாறு கூறவில்லை' என்றால் எடுத்துக் காட்டுவதற்காக எழுதினார்கள். என் இனத்தவர்.

அந்தத் தாள்களில் தெரியும் மனிதர் வேறு. தேசியப் பாதுகாப்புக் குழுவின் 366 கூட்டங்களில் 329-க்குத் தாமே தலைமை தாங்கியவர். வாதத்தின் நடுவே குறுக்கிட்டு, துறைச் செயலர்களின் அறிக்கையில் உள்ள வார்த்தைப் பிழையைக்கூடத் திருத்தியவர். சிரித்த முகத்துக்குப் பின்னால் கொல்லன் உலை போன்ற கோபம் உள்ளவர். அவர் பழுப்பு நிற உடை அணிந்து வந்தால் அன்று மனநிலை சரியில்லை என்று அலுவலகத்தார் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்வார்களாம். தம்மைப் புண்படுத்தியவரின் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதி மேசையின் அடி இழுப்பறையில் போட்டுவிட்டு, அதோடு அந்த ஆள் தம்மைப் பொறுத்தவரை முடிந்தார் என்று வைத்துக்கொள்வது தம் வழக்கம் என்று அவரே எழுதியிருக்கிறார். அரசுக்குள் கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருப்பதாகத் தேடிக்கொண்டிருந்த செனட்டர் மெக்கார்த்தியின் வேட்டை 1954-இல் ராணுவத்தின் மீது பாய்ந்தபோது, அவர் பெயரைப் பொதுவெளியில் ஒருமுறைகூடச் சொல்லிச் சண்டைக்கு இழுக்காமல், மே 17 அன்று பாதுகாப்புச் செயலருக்கு ஒரு கடிதம் எழுதினார். நிர்வாகத்துக்குள் நடந்த ஆலோசனைகளைப் பற்றிச் சாட்சி சொல்லக் கூடாது என்பது அதன் உத்தரவு. விசாரணைக்குத் தீனி நின்றது. டிசம்பரில் செனட் 67-க்கு 22 என்ற வாக்கில் மெக்கார்த்தியைக் கண்டித்தது. செய்தித் தொடர்பாளர் ஜேம்ஸ் ஹேகர்ட்டியின் அந்நாளைய நாட்குறிப்பைப் படித்தால் திரைக்குப் பின்னால் யார் எந்தக் கயிற்றை இழுத்தார்கள் என்பது தெரிகிறது. இவற்றையெல்லாம் தொகுத்து, மறைந்திருந்து ஆண்டவர் என்று பிரெட் கிரீன்ஸ்டைன் என்ற அரசியல் அறிஞர் 1982-இல் வாதிட்டார். 2017-லும் 2021-லும் எடுத்த மதிப்பீடுகளில் ஐசனோவர் ஐந்தாம் இடத்துக்கு வந்துவிட்டார்.

இங்கேதான் நான் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறேன். மறுமதிப்பீட்டாளர்கள் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1955 மார்ச்சில், சீனாவுக்கும் தைவானுக்கும் நடுவில் உள்ள தைவான் நீரிணை போர் மூளும் அச்சத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைய செய்தியாளர் கூட்டத்தில் அதைப் பற்றி வாயே திறக்க வேண்டாம் என்று வெளியுறவுத் துறை கேட்டுக்கொண்டதாக ஹேகர்ட்டி வந்து சொன்னார். கவலைப்படாதே ஜிம், அந்தக் கேள்வி வந்தால் அவர்களைக் குழப்பிவிட்டு வந்துவிடுகிறேன் என்றாராம் ஐசனோவர். சொன்னபடியே நீளமான, தலையும் வாலும் இல்லாத ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வந்தார். அருமையான கதை. ஆனால் இதை நமக்குச் சொன்னவர் யார்? ஐசனோவரேதான், 1963-இல், தம் பேச்சின் குழறலை உலகமே கேலி செய்து முடித்த பிறகு. அதே மேடையில் அவர் குழறிய எல்லாப் பதில்களும் திட்டமிட்டவை என்று நம்ப நான் தயாராக இல்லை. ஒரு வாரம் முன்பு அணு ஆயுதத்தைத் துப்பாக்கிக் குண்டைப் போலப் பயன்படுத்தலாம் என்று சொன்னவரும் அவர்தான். அதைக் குழப்பம் என்று யாரும் சொல்ல முடியாது.

மறைந்த கை என்பது நன்மையை மட்டுமா மறைக்கும்? 1952 அக்டோபரில், மில்வாக்கி நகரத்து மேடையில், தம்மை வளர்த்துவிட்டவரும் மெக்கார்த்தியின் தூற்றலுக்கு ஆளானவருமான ஜெனரல் மார்ஷலைத் தாங்கிப் பேச வேண்டிய ஒரு பத்தி உரையில் இருந்தது. மெக்கார்த்தியின் சொந்த மாநிலம் என்பதால், உள்ளூர்க் கட்சிக்காரர்களின் பேச்சைக் கேட்டு அதை எடுத்துவிட்டார். அடித்த பத்தி செய்தியாளர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்திராவிட்டால் இதையும் உடனிருந்தவர்கள் அவரவர் பாணியில் சொல்லியிருப்பார்கள். 1953 ஆகஸ்டில் ஈரானில் பிரதமர் மொசாடெக்கின் ஆட்சியை அமெரிக்க உளவுத்துறை கவிழ்த்த வேலையின் அறிக்கையை அதிபர் நேரில் கேட்டார். அக்டோபரில் தம் நாட்குறிப்பில், நாம் செய்தவை மறைவானவை என்று எழுதி, அந்த விவரம் வரலாற்று உண்மையைவிட மலிவு விலை சாகசக் கதையைப் போல இருந்தது என்றும் சேர்த்துக்கொண்டார். பத்தாண்டு கழித்து வந்த நினைவு நூலில் உளவுத்துறையின் பங்கை அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. மெக்கார்த்தியை வீழ்த்திய அதே கை என்று தோள்தட்டுகிறவர்கள், தெஹரானிலும் மறு ஆண்டு குவாத்தமாலாவிலும் நீண்டது அதே கைதான் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

அந்த மறைப்பு ஒருமுறை வெளிப்படையாகவே உடைந்தது. 1960 மே 1 அன்று யு-2 உளவு விமானத்தைச் சோவியத் வீழ்த்தியது. வானிலை ஆய்வு விமானம் வழி தவறிவிட்டது என்று வாஷிங்டன் அறிவித்தது. விமானி உயிரோடு இருப்பதை ஏழாம் தேதி சோவியத் தலைவர் குருஷ்சேவ் உலகத்துக்குச் சொன்னார். இரண்டு நாள் கழித்து, காலையில் அலுவலகத்துக்கு வந்த ஐசனோவர், பதவி விலகிவிடலாம் போலிருக்கிறது என்று விட்மனிடம் சொன்னார். விட்மன் அதை எழுதிவைத்தார். உரை எழுதித் தந்தவரோ அமைச்சரோ இதை இருபது வருடம் கழித்துச் சொல்லியிருந்தால், நல்ல நாடகம் என்று நான் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். அன்றே தட்டச்சு செய்த ஒரு செயலாளர் சொல்லும்போது அந்த அறையின் காற்றே தெரிகிறது. பதினொன்றாம் தேதி அவர் செய்தியாளர்கள் முன் நின்று, உளவு பார்ப்பது அருவருப்பான, ஆனால் தவிர்க்க முடியாத தேவை என்று பொறுப்பைத் தாமே ஏற்றார்.

காரில் பேசாத இருவரும் பத்தாண்டுக்கு மேல் ஒருவரையொருவர் பெரும்பாலும் தவிர்த்தே வந்தார்கள். 1963 நவம்பரில் கென்னடியை ஆர்லிங்டனில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது ஐசனோவர் தம்பதி ட்ரூமனைத் தங்கள் காரில் ஏற்றிக்கொண்டு அரசு விருந்தினர் இல்லமான பிளேர் மாளிகையில் இறக்கிவிடப் போனார்கள். உள்ளே வந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் போகலாமே என்று ட்ரூமன் அழைத்தார். இந்தமுறை ஐசனோவர் காரை விட்டு இறங்கி உள்ளே போனார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே மின்னிக் இல்லை, விட்மன் இல்லை. அன்று கூட இருந்த, ட்ரூமனின் பழைய கடற்படை உதவியாளர் பின்னாளில் சொன்னதை வைத்துத்தான் அந்த மாலையைப் பற்றி எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள். அவர் சொன்னதை நானும் மறுபேச்சில்லாமல் நம்பத்தான் செய்கிறேன், என்ன செய்ய.