நெல்லுக் காயிற வீதி

மாசி வெட்டுத் தொடங்கினால் பரந்தன்–முல்லைத்தீவு வீதிக் கரையெல்லாம் நெல்லுத்தான். மெசின் வெட்டித் தாற நெல்லில ஈரம் கூட. 14 வீதத்துக்கு மேல ஈரம் இருந்தால் வாங்க வாறவன் விலையில கை வைப்பான். காயப்போடக் களம் எங்க இருக்கு? தார் வீதிதான் களம்.

மாமி படங்கை விரிச்சு, வெறுங்காலால நெல்லைக் கோடு கோடாக் கிளறிக்கொண்டு போவா. வெயில் ஏறத் திரும்பி வந்து குறுக்கால கிளறுவா. வாகனம் ஏறாமல் இருக்க விளிம்பில நாலு கல்லு, ஒரு பூவரசங் கொப்பு. போன வருசம் இரவு அப்பிடி ஆரோ வைச்ச கல்லில ஏறித்தான் நான் மோட்டார் சைக்கிளோட விழுந்தனான். முழங்கால்த் தழும்பு இன்னும் இருக்கு. கல்லு வைச்ச ஆளில கோவம் வரேல்ல.

டவுனில வீதியோரத்தை அழகுபடுத்திறதெண்டால் என்ன செய்யினம்? இன்ரலொக் கல்லு, நடுவில புல்லு. சித்திரை வெயிலுக்கு அந்தப் புல்லுக்கு பவுசரில தண்ணி. மிஞ்சினால் சந்தியில ஒரு சீமெந்து உழவன். உழவனுக்குச் சிலை இருக்கு, நெல்லுக் காயப்போட இடம் இல்லை.

சீனாவில ஷென்யாங் கட்டடக்கலைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ள நெல்வயலையே வைச்சார் கொங்ஜியான் யூ எண்ட நிலத்தோற்ற வடிவமைப்பாளர். வயலுக்குள்ளாலதான் பெடியள் வகுப்புக்குப் போகினம். படத்தைப் பார்க்க ஆசைதான். அதுக்காக யாழ்–கண்டி ஏ9 வீதிக் கரையில நெல்லு விதைக்கச் சொல்லேல்ல. வாகனப் புகை குடிச்ச நெல்லை ஆர் தின்னுறது? அதுக்கு முதல் கட்டாக்காலி மாடுகள் விடுமோ!

நான் கேக்கிறது வேற. வீதிக் கரையில பத்தடி அகலத்தில சீமெந்துக் களம், தாரை விட அரை அடி உயரமா. இரண்டு போக வெட்டுக்கும் நெல்லுக் காயட்டும். மற்ற மாதங்களில கச்சான்காரியும் வத்தகப்பழக்காரரும் இருக்கட்டும், பின்னேரம் பிள்ளைகள் சைக்கிள் பழகட்டும். களத்துக்குப் பின்னால சீமெந்துக் கானுக்குப் பதிலா வயல் வாய்க்கால் மாதிரி மண் வாய்க்கால், கரையில மருது. குளக்கட்டில நிக்கிற மரம்தானே, ஈரத்துக்கு அஞ்சாது. களத்தில நிழல் விழாமல் தள்ளி நட்டால் சரி. 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்ட சனத்துக்கு, தண்ணிக்கு ஓட இடம் வேணுமெண்டு ஆரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

மாமிக்குக் கொப்பித்தாளில கீறிக் காட்டினன். கண்ணாடியைப் போட்டு வடிவாப் பார்த்தா.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. கட்டி முடிச்சாப் பிறகு வாடகை கேப்பினமோ?"

கேட்டுட்டு நெல்லைக் கிளறப் போட்டா.