செக்‌ஷன் 9-ம் என்னுடைய 11 கிளைமாக்ஸும்

"அக்கா, அடுத்த ஆன்டி ஹீரோ கதை எப்ப?" இந்த வருஷம் இன்பாக்ஸில் அதிகம் வந்த கேள்வி இதுதான். ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாக மழுப்பி அலுத்துவிட்டது. இங்கேயே சொல்லிவிடுகிறேன். வராது.

பத்து வருஷத்தில், ஆன்லைனில் தொடராக, 23 காதல் நாவல். குக்கர் மூன்றாவது விசில் வருவதற்குள் அரை எபி (எபிசோடு) டைப் பண்ணிய காலம். ஆன்டி ஹீரோ என்றால், ஹீரோ முரடன், பணக்காரன். கட்டாயத் தாலி கட்டிக் கூட்டி வருவான். பத்தாவது எபியில் ஓர் அறை விடுவான், முப்பதாவதில் உருகுவான். அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவாள். இவன் காரில் வந்து வாசலிலேயே நிற்பான், "என் பொண்டாட்டி இல்லாம இங்கருந்து நகரமாட்டேன்" என்று. கமெண்ட் அள்ளும். 23-ல் 11 நாவலுக்கு இதுதான் முடிவு. போன வாரம் உட்கார்ந்து எண்ணினேன்.

அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மகளின் காலேஜ் ஃபீஸ் அந்த ராயல்டியில்தான் கட்டினோம்.

கொரோனாவில் வீட்டுக்காரர் கடை படுத்துவிட்டது. 2022-ல், 44 வயதில், மதுரையில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். தமிழில் வேகமாக அடிப்பேன் என்பது ஒன்றுதான் தகுதி. அதுவும் நாவல் கொடுத்தது. வருகிற கேஸ் கட்டுகளில் பாதி குடும்ப நீதிமன்ற வழக்குகள். ஜீவனாம்சம், விவாகரத்து, குழந்தையை யார் வைத்துக்கொள்வது.

சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு மனு. இந்து திருமணச் சட்டம் செக்‌ஷன் 9, மனைவியைச் சேர்ந்து வாழ வரச் சொல்லி உத்தரவு கேட்டுக் கணவன் போடுவது. 'மனுதாரர் எதிர்மனுதாரருடன் சேர்ந்து வாழ எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருக்கிறார்.' அந்த வரியில் கை நின்றுவிட்டது. வாசலில் நிற்கும் என் ஹீரோவின் வசனம். கோர்ட்டுத் தமிழில் இருக்கிறது, அவ்வளவுதான். சீனியர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "அந்தப் பொண்ணு ஜீவனாம்சம் கேட்டிருக்கும்மா. நான் கூப்பிட்டேன், அவதான் வரலைன்னு காட்டணும்ல."

எல்லா செக்‌ஷன் 9-ம் இப்படியில்லை. நிஜமாகவே ஏங்கிப்போய்ப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெண்களும் போடுகிறார்கள். (கணவன் அப்படி உத்தரவு வாங்கிவிட்டான் என்பதை மட்டும் காரணம் காட்டி மனைவிக்கு ஜீவனாம்சத்தை மறுத்துவிட முடியாது என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அன்றைக்கு ஆபீஸில் எல்லாருக்கும் டீ நான்தான் வாங்கினேன்.) ஆனால் வாசலில் நிற்கும் அந்தக் கார் எனக்குக் கெட்டுப்போய்விட்டது. 24-வது நாவலுக்கு உட்கார்ந்தால், ஹீரோ அறைந்ததும் ஹீரோயின் அழுவதற்குப் பதிலாக, அறைந்த தேதி என்ன, பார்த்த சாட்சி யார் என்று என் மண்டைக்குள் ஒரு குறுக்கு விசாரணை ஓடுகிறது. நாலு மாதம் ஒரு எபி நகரவில்லை. வேலை அலுப்பு என்று நினைத்தேன். அலுப்பில்லை, கண் மாறிவிட்டது. ரூட்டை மாற்றலாம் என்று நானாக எந்த முடிவும் எடுக்கவில்லை, பழைய ரூட்டில் பஸ் போகவில்லை.

அதனால் இப்போது ஒரு கோர்ட் சஸ்பென்ஸ் கதை. ஆபீஸுக்கு வழக்கு கொண்டுவரும் கட்சிக்காரர் யார் கதையும் இல்லை, முழுக்கக் கற்பனை. இதையும் கேட்டார்கள்.

முன்பெல்லாம் யூடி (அடுத்த எபி) போட்ட அன்றே நாலாயிரம் பேர் படிப்பார்கள். இதற்கு முந்நூறு. வலிக்கவில்லை என்றால் பொய். ஆனால் போனவர்கள் மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை? சாயங்காலம் ஒரு மணி நேரம் நிம்மதியாக இருக்க வந்தவர்கள் அவர்கள். என் வேலை மாறியதற்கு அவர்கள் ஏன் ரசனையை மாற்ற வேண்டும்?

"வேற பேர்ல எழுதுங்க சிஸ்" என்றார் ஒருவர். நல்ல யோசனைதான். கொலைக்கதை ராணி அகதா கிறிஸ்டியே மேரி வெஸ்ட்மகாட் என்ற பெயரில் ஆறு நாவல் எழுதினார், கொலை இல்லாமல், குடும்பமும் மனசுமாக. 1930-ல் தொடங்கியவரின் குட்டு கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்துத்தான் உடைந்தது. அவர் போன திசைக்கு நேர் எதிரே நான் வந்துகொண்டிருக்கிறேன். அவருக்குப் பதிப்பாளர் இருந்தார். இங்கே புதுப்பெயரில் போட்டால் அந்த முந்நூறு பேரும் வரமாட்டார்கள்.

கல்கியைப் பாருங்கள். 'சிவகாமியின் சபதம்' எழுதிய பிறகு பல்லவனை விட்டுவிட்டு, சுதந்திரப் போராட்டமும் பிரிவினையும் வைத்து 'அலை ஓசை' எழுதினார். அதன் பிறகுதான் 'பொன்னியின் செல்வன்'. அவர் 1954-ல் இறந்து, 1956-ல் சாகித்திய அகாடமி கொடுத்தது 'அலை ஓசை'க்கு. இன்று வந்தியத்தேவனைத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் அதைத் தொட்டிருக்கிறார்கள்? அவருக்கே அந்தக் கதி. எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் இன்னும் நெருக்கம் எனக்கு. மின்பொறியாளரான கணவரோடு நீலகிரியில் இருந்தபோது படுகர்களைப் பார்த்து ஒரு நாவல், பிறகு தூத்துக்குடி உப்பளத்துக்கே போய் இன்னொன்று. மாற்றல் வந்தால் சாமான் கட்டுகிற நேரத்தில் நாமெல்லாம் புலம்புவோம்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. "இப்பதாம்மா உருப்படியா எழுதுற" என்கிறவர்கள். அவர்கள்மேல்தான் எனக்கு எரிச்சல். எபி முடிவில் ஆளை நிற்கவைப்பது எப்படி என்று அந்த 23 நாவலில்தான் கற்றேன், எந்தப் பட்டறையிலும் இல்லை.

ஒன்று மட்டும் அங்கிருந்து எடுத்துவர முடியவில்லை: மைண்ட் வாய்ஸ். காதல் கதையில் எல்லார் மனசையும் திறந்து கொட்டலாம், முடிவு வாசகருக்கு முதல் எபியிலேயே தெரியும். இங்கே குற்றவாளியின் மைண்ட் வாய்ஸைக் காட்டினால் கதை முடிந்தது. மற்ற எல்லாருடையதையும் காட்டி அவனுடையதை மட்டும் மறைத்தால் வாசகர் மூன்றாவது எபியிலேயே பிடித்துவிடுகிறார். பிடித்தும்விட்டார்கள், இரண்டு பேர். அந்த எபியைத் தூக்கிவிட்டு, கதாநாயகி ஒருத்தி பார்ப்பது மட்டும் என்று திருப்பி எழுதினேன்.

ஆறாவது எபியில் சீர்வரிசைச் சாமான் பட்டியல் எடுக்கிறார்கள். எவர்சில்வர் குடம் மூன்றா நாலா என்று இரண்டு வீட்டாருக்கும் சண்டை. நாலாவது குடம் எங்கே என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. வியாழக்கிழமைக்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.