உங்க அம்மா கையைப் பற்றி எழுது மக்களே

போன வாரம் இரண்டாம் ஆண்டு மைக்ரோபயாலஜி மாணவி ஒருத்தி ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள். கோடை ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்கு எழுதிய ஒரு பக்கத்தை நீட்டினாள். ஆங்கிலம் கண்ணாடி மாதிரி வழுக்கியது. சிறு வயது முதலே அறிவியலில் தீராத ஆர்வமாம், மனித குலத்துக்குச் சேவை செய்ய ஆசையாம். வாசித்துவிட்டு, "இதை நீ எழுதலியே மக்களே" என்றேன். "இல்ல மிஸ், சாட்ஜிபிடி" என்றாள். பொய் சொல்லவில்லை, அந்தமட்டுக்கும் சந்தோஷம்.

குமரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பத்து வருடமாக இந்தப் பக்கங்களை வாசித்துக்கொண்டிருக்கிறேன். முன்பு சீனியர் எழுதியதைக் காப்பியடித்தார்கள், இப்போது இது. அதே தீராத ஆர்வம்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் இருக்கிற மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து, கல்லூரி மாணவர்களை இரண்டு மாதம் நல்ல ஆய்வகங்களில் உட்காரவைக்கிறார்கள். பெங்களூரு ஜக்கூரில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு ஆராய்ச்சி மையம் தனியாக ஒன்று நடத்துகிறது. ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், 1979-இல் தொடங்கிய குறுகிய கால மாணவர் திட்டமும் இருக்கிறது. ஆனால் அது எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். பிள்ளைகளுக்குத்தான். பி.எஸ்ஸி. படிக்கிறவள் அந்த வாசலில் நிற்கக்கூட முடியாது. உடம்பையும் நோயையும் பற்றி யோசிக்கிற உரிமை டாக்டர் ஆகப் போகிறவர்களுக்கு மட்டும்தானா என்ற கோபம் எனக்கு உண்டு. அது இன்னொரு பதிவுக்கு.

அகாதெமி கேட்பது மார்க், ஆசிரியர் ஒருவரின் பரிந்துரை, என்ன செய்ய நினைக்கிறாய் என்று ஒரு சிறு குறிப்பு. விண்ணப்பிக்கிற எல்லாரிடமும் மார்க் இருக்கும். பரிந்துரைக் கடிதத்தில் எல்லா ஆசிரியரும் ஒரே புகழைத்தான் பாடுவோம். மிச்சம் அந்தக் குறிப்பு ஒன்றுதான். அதையும் கடன் வாங்கி எழுதினால் எதைப் பார்த்து எடுப்பார்கள்?

அவளிடம் கேட்டேன், வீட்டில் யார் என்ன வேலை என்று.

"அப்பா கொத்தனாரு மிஸ். அம்மா அண்டி ஆபீசுக்குப் போறாவ." முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையைத்தான் எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்போம்.

"அம்மா கை எப்பிடி இருக்கும்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. வெட்கம் என்று நினைத்தேன். யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். "கறுத்துப் போயிருக்கும். தோலு உரியும். சாம்பலு தேச்சுக்கிட்டுத்தான் அண்டி தல்லுவாவ."

அண்டித் தோட்டின், அதாவது கொட்டை ஓட்டின், எண்ணெயில் தோலைப் பொசுக்குகிற அனகார்டிக் அமிலமும் கார்டாலும் இருக்கின்றன. மாங்காய்ச் சுனை பட்டால் உதடு வெந்துபோகிறதே, அந்த மாமரமும் முந்திரி காய்க்கிற கொல்லாமரமும் ஒரே குடும்பம். அமெரிக்காவில் தொட்டால் தோல் பொங்கிவிடும் என்று பயப்படுகிற பாய்சன் ஐவி என்ற செடியும் அதே குடும்பம்தான். இந்த அனகார்டிக் அமிலத்துக்குச் சில பாக்டீரியாக்களைக் கொல்லும் சக்தியும் உண்டு. ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா மீது அது வேலை செய்வதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் வருடக்கணக்காகத் தினமும் அந்த எண்ணெயில் நனைந்து, உரிந்து, மறுபடி வளர்கிற தோலில் எந்தக் கிருமி குடியிருக்கும், எது ஓடிப்போயிருக்கும்? சோப்புப் போட்டுத் துடைத்த கையோடு டெல்லியில் படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வரும்?

இந்த ஊரில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. மணவாளக்குறிச்சியில் காலை வைத்தால் தோரியம் கலந்த கறுப்பு மணல். அங்கேயே பிறந்து வளர்ந்த கடற்கரைப் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். தோரியம் இருக்கிற மோனசைட் தாதுவைப் பற்றி ஐந்து மார்க் விடை எழுதுவார்கள், வீட்டு முற்றத்தைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டார்கள்.

நெய்யூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர், பிறகு அங்கிருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து தங்கினார். குடல் புண்ணோடு வந்து குவிந்த தென்திருவிதாங்கூர் ஜனங்களுக்கு ஆபரேஷன் செய்தே மாய்ந்தார். இங்கே ஏன் இத்தனை பேருக்கு என்று கேட்டபோது சந்தேகம் சாப்பாட்டின் மேல் போனது. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மிளகாயும் தின்கிற ஊர் அல்லவா. உண்மையான காரணம் வேறு. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற டாக்டர், பயிற்சிக் காலத்தில் செய்ய ஒரு ஆய்வு தேடி வாரன் என்பவரிடம் போய்ச் சேர்ந்தது 1981-இல். மறு வருட ஈஸ்டர் விடுமுறையில் கிருமி வளர்க்கும் தட்டுகளை வழக்கத்தைவிட அதிக நாள் விட்டுவைத்ததால் குடல் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி வளர்ந்து நின்றது. 2005-இல் இருவருக்கும் நோபல். நெய்யூரில் நோயாளிகள் குவிந்தார்கள், கிருமி பெர்த்தில் அகப்பட்டது. எனக்கு இது எப்போதும் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

திருவனந்தபுரம் மார்த்தாண்டத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பஸ். ராஜீவ் காந்தி பயோடெக்னாலஜி மையம் அங்கே இருக்கிறது. 1990-இல் முதல் நோயாளிக்கு வைத்த செயற்கை இதய வால்வை உருவாக்கிய ஸ்ரீசித்ரா மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் அங்கேதான். நம் ஜனங்களுக்கு அது நோய் வந்தால் மட்டும் போகிற ஊர்.

பணத்தைச் சொல்லாமல் விடமுடியாது. உதவித்தொகை உண்டு என்கிறோம், சரி. ஐ.சி.எம்.ஆர். திட்டத்தில் அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் பணம். வேறு இடங்களிலும் அது கைக்கு வரும்வரை சாப்பாடு, அறை, பஸ் எல்லாம் வீட்டுக் கணக்கு. கொத்தனார் வீட்டில் இரண்டு மாதத்துக்கு அதை யார் எடுத்து வைத்திருக்கிறார்கள்? சேர்ந்த முதல் நாளே பாதித் தொகையைக் கொடுத்துவிடுங்கள் என்று அகாதெமிக்காரர் யாராவது இதை வாசித்தால் கேட்டுக்கொள்கிறேன். ஏழைப் பிள்ளைகள் விண்ணப்பிக்கவில்லையே என்று பிறகு வருத்தப்பட வேண்டாம்.

கையெழுத்து இன்னொரு கதை. நான் படித்த காலத்தில் துறைத்தலைவர் ஒருவர் "பாக்கலாம், பாக்கலாம்" என்றே கடைசித் தேதியைக் கடத்தினார். அதனால்தானோ என்னவோ, யார் வந்து கேட்டாலும் அன்றைக்கே போட்டுவிடுகிறேன்.

நேற்று அவள் மறுபடி வந்தாள். நோட்டுக் காகிதம், பேனா எழுத்து, தட்டுத்தடுமாறுகிற ஆங்கிலம். முதல் வரியின் பொருள் இது: "அம்மாவுக்கு வலது கையைவிட இடது கைதான் அதிகம் கறுத்திருக்கும், அண்டியைப் பிடிப்பது அந்தக் கை." நான் இதுவரை கவனிக்காத விஷயம். இரண்டு எழுத்துப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தேன். இனி என் பரிந்துரைக் கடிதத்தை மாற்ற வேண்டும். அதுவும் பத்து வருடமாக ஒரே அச்சு.